கரும்பலகையை அழித்துவிட்டுத் தேர்வு வையுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சித்தி, அத்தை, நடுவில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் புரியாத இடம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். 4100 கதை மட்டும் எல்லோருக்கும் புரியும்.

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்குப் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது ஒரு கம்பெனியில் குழுத் தலைவன். தொழிற்சாலைகளில் மாட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றைச் செய்கிறார்கள். புதிதாக வந்த ஒரு லாட் போர்டுகள் முதல் தடவை கரண்ட் கொடுத்ததுமே மேலே போகாமல் நின்றுவிட்டன. "ஆனா டெஸ்ட்ல எல்லாமே பச்சை சார். மூணு மாசமா ஒண்ணுகூட சிவப்பாகல" என்றான்.

முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவனுக்கு இந்த வாக்கியம் நல்ல சேதியாகக் கேட்காது. மூன்று மாதம் ஒருவன்கூடத் தோற்காத வகுப்பில் முதலில் கேள்வித்தாளைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.

அவன் கூப்பிட்டது அதற்காக மட்டும் இல்லை. நிரலில் கடைசியாக மாற்றம் செய்தது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு பெண். மேலிடத்தில் அவள் பெயர் அடிபடுகிறது. "அவ டெஸ்ட் ஓட்டிட்டுத்தான் சார் போட்டா. பச்சை வந்துச்சு. அவ மேல என்ன தப்பு?" என்று கேட்டான். அவள் மேல் தப்பில்லை என்பதுதான் என் கருத்து. தப்பு டெஸ்ட் நடத்திய முறையில் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

உறவினர்களுக்காக ஒரு நிமிஷம். உங்கள் வீட்டு டிவி பெட்டியோ வைஃபை பெட்டியோ ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஓடுவது ஒரு சிறு நிரல். அது மெமரியைத் தயார் செய்து, பெரிய மென்பொருளைத் தேடி எடுத்து, நம்பலாமா என்று பார்த்து, அதன் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பெயர் பூட்லோடர். மற்ற மென்பொருளில் பிழை இருந்தால் திருத்தி அனுப்பலாம். பூட்லோடரில் பிழை இருந்தால் பெட்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆளை அனுப்பித்தான் கழற்றிக் கொண்டுவர வேண்டும்.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பரவியிருப்பது யூ-பூட். ஜெர்மனியின் வொல்ஃப்காங் டெங்க் வளர்த்தது. பிபிசிபூட் என்று இருந்து 2002-ல் இந்தப் பெயருக்கு வந்தது. அவர் 2022-ல் காலமானார். அதில் சைமன் கிளாஸ் 2011-ல் சேர்த்த சாண்ட்பாக்ஸ் என்ற வசதிதான் இன்றைய விஷயம். போர்டே இல்லாமல், உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு சாதாரண நிரலாக யூ-பூட்டை ஓட்டலாம். சிப்புகள் எல்லாம் பாவனை. பாதுகாப்புச் சிப்பான டிபிஎம், பாவனை. ஐ2சி கருவிகள், பாவனை. வேலை ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த நல்ல விளையாட்டுச் சாமான் இது. சால்டரிங் அயர்ன் சூடு இல்லாமல் ஒரு லேப் முழுவதும் மேஜை மேல்.

ஆனால் நிஜப் பெட்டிக்கு ஞாபகம் உண்டு. ஃபிளாஷில் எழுதியது கரண்ட் போனாலும் இருக்கும். டிபிஎம்மில் பதிந்த எண் இருக்கும். பாவனைப் பெட்டிக்கு அந்த ஞாபகம் எங்கிருந்து வரும்? நிரலை மூடினால் எல்லாம் போச்சு. அதற்காக சாண்ட்பாக்ஸில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மைனஸ் எஸ் என்று கொடுத்து ஒரு நிலைக் கோப்பின் பெயரைச் சொல்லலாம். மைனஸ் ஆர் கொடுத்தால் துவங்கும்போது அதைப் படிக்கும். மைனஸ் டபிள்யூ கொடுத்தால் முடியும்போது அதில் எழுதும். கோப்பு டிவைஸ் ட்ரீ வடிவத்தில் இருப்பதால் டிடிசி என்ற கருவியால் எழுத்தாக மாற்றி, கண்ணால் படிக்கலாம். இதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும்.

என் மாணவனிடம் அந்தக் கோப்பைத்தான் கேட்டேன். "எந்த ஃபைல் சார்?" என்றான். அந்தக் கேள்வியிலேயே பாதி பதில் கிடைத்துவிட்டது.

தேடி எடுத்தான். டெஸ்ட் ஓடும் சர்வரில் ஒரு மூலையில் கிடந்தது. வேலையை விட்டுப் போன யாரோ எப்போதோ உருவாக்கியது. ஒவ்வொரு இரவும் டெஸ்ட் அதைப் படிக்கிறது, ஓடுகிறது, அதிலேயே எழுதி வைக்கிறது. மறுநாள் மறுபடி. எழுத்தாக மாற்றிப் பார்த்தால், டிபிஎம் பகுதியில் பதிப்பு எண்ணுக்கான இடம் ஏற்கெனவே உருவாகி, எண்ணும் பதிந்து இருக்கிறது.

புதிய போர்டில் அந்த இடம் இருக்காது. முதல் துவக்கத்தில் பூட்லோடர்தான் டிபிஎம்மில் இடத்தை உருவாக்கி, முதல் எண்ணைப் பதிய வேண்டும். பழைய, ஓட்டையுள்ள மென்பொருளை யாரும் திரும்ப ஏற்றிவிடாமல் இருக்க இந்த எண் வேண்டும். அந்தப் பெண் திருத்தியபோது உருவாக்குவதற்கு முன்னால் படிக்கும்படி வரிசை மாறிவிட்டது. யாருக்கும் நேரக்கூடிய பிழைதான். ஆனால் டெஸ்டில் இடம் எப்போதும் இருந்தது. அதனால் அந்தப் பாதையில் கால் வைக்கவே இல்லை. இத்தனை இரவும் ஒரு புதிய பெட்டி பிறப்பதை அந்த டெஸ்ட் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இப்போது 4100.

8085 கிட் வைத்திருந்த காலம். அந்தக் கிட்டில் நிரல் எழுதும் முகவரி 4100-லிருந்து தொடங்கும். செய்முறைத் தேர்வு. காலை அணியில் ஒருவன் இரண்டு எட்டு பிட் எண்களைக் கூட்டும் நிரலை ஒழுங்காக ஏற்றி, ஓட்டி, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போனான். மதிய அணியில் அதே கிட்டில் உட்கார்ந்தவன் தேர்வுக்கு ஒரு வரி படிக்காதவன் என்று எனக்குத் தெரியும். வெளித் தேர்வாளர் பக்கத்தில் வந்ததும் ரீசெட்டை அமுக்கினான்; கோ, 4100, எக்ஸிக்யூட். விடை 4200-ல் அழகாக வந்து நின்றது. தேர்வாளர் தலையை ஆட்டி மதிப்பெண் போட்டுவிட்டார்.

ரீசெட் பொத்தான் பிராசஸரைத்தான் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். ரேமில் இருப்பதை அழிக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது நான் மெயின் ஸ்விட்சை அணைக்கவில்லை. காலையில் எழுதியது அப்படியே இருந்தது. அவன் அதைத் தெரிந்துவைத்திருந்தான். அந்த அளவுக்கு 8085 அவனுக்குப் புரிந்திருந்தது என்பதை இன்று நினைத்தால் பாஸ் மார்க் கொடுக்கலாம் என்றே தோன்றுகிறது. அன்று எனக்குக் கோபம். அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு அணிக்கும் இடையில் எல்லாக் கிட்டையும் அணைத்து, பத்து எண்ணி, போட்டு, 4100-லிருந்து கொஞ்ச தூரம் எஃப்எஃப் நிரப்பிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். லேப் உதவியாளர் முணுமுணுப்பார். இருபது கிட்டுக்கு இருபது நிமிஷம் ஆகும்.

அந்த இருபது நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் எல்லா இடத்திலும் சேமித்த நிலையை அப்படியே விட்டுவைக்கிறார்கள். என் கருத்தை நேரடியாகச் சொல்கிறேன். டெஸ்ட் என்றால், வேறு மாதிரி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காதவரை, காலியான நிலையிலிருந்துதான் துவங்க வேண்டும். நேற்றைய டெஸ்ட் விட்டுப்போனது இன்றைய டெஸ்டுக்குத் தெரியவே கூடாது. யூ-பூட்டை எழுதியவர்களே உள்ளே இருக்கும் டிரைவர் டெஸ்டுகளுக்கு அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னும் டிரைவர் அமைப்பைப் புதிதாகக் கட்டுகிறார்கள். வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் எழுதும் நாம்தான் சோம்பல் படுகிறோம்.

இதைச் சொன்னதும் என் மாணவன் விடவில்லை. நல்ல மாணவன், எப்போதும் எதிர்க்கேள்வி கேட்பான். "சார், எங்க பெட்டி ஃபீல்டுல அஞ்சு வருஷம் இருக்கும். தினமும் பிறந்த குழந்தையா வச்சு டெஸ்ட் பண்ணா, அஞ்சு வயசுல என்ன வரும்னு எப்படித் தெரியும்?"

சரியான கேள்வி. நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். யூ-பூட்டில் என்விரான்மென்ட் என்று ஒன்று உண்டு. பெயரும் மதிப்புமாக எழுதிவைத்த குறிப்புச்சீட்டு. சேவ்-என்வ் கொடுத்தால் ஃபிளாஷில் போய் உட்காரும். ஃபீல்டில் இருக்கும் பெட்டிக்குப் புதிய பூட்லோடரை அனுப்புகிறீர்கள். அதில் துவக்கக் கட்டளையை மாற்றி எழுதியிருக்கிறீர்கள். பெட்டி எழுந்ததும் உங்கள் புதிய கட்டளையை மதிக்காது; ஃபிளாஷில் இருக்கும் பழைய சீட்டைத்தான் படிக்கும். சேமித்தது, உள்ளே எழுதிவைத்ததை வென்றுவிடும். காலியான நிலையில் மட்டும் டெஸ்ட் செய்கிறவன் இதை ஒருநாளும் பார்க்க மாட்டான்.

பூட் எண்ணிக்கையும் அப்படித்தான். ஒவ்வொரு துவக்கத்துக்கும் ஓர் எண் கூடும். லினக்ஸ் நலமாக எழுந்தால் அதைப் பூஜ்யமாக்க வேண்டும். வரம்பு 3 என்று வைத்து, யாரும் பூஜ்யமாக்காமல் நாலாவது தடவை எழுந்தால், வழக்கமான கட்டளையை விட்டுவிட்டு மாற்றுக் கட்டளையை ஓட்டும். புதுப்பிப்பு கெட்டுப்போன பெட்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள இதுதான் வழி. இதை டெஸ்ட் செய்ய நாலு துவக்கமும் ஒன்றின் ஞாபகம் அடுத்ததற்குப் போகும்படி நடக்க வேண்டும். நடுவில் அழித்தால் டெஸ்டே இல்லை.

ஆகவே ஞாபகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெஸ்டுக்குள்ளே ஞாபகம் இருக்கட்டும். ஒரு டெஸ்டிலிருந்து அடுத்த டெஸ்டுக்குத் தாண்டக் கூடாது. நாலு தடவை எழ வேண்டுமானால் அந்த நாலும் ஒரே டெஸ்டின் உள்ளே, அதற்கென்று உருவாக்கிய தற்காலிகக் கோப்பில் நடக்கட்டும். சாண்ட்பாக்ஸ் இதற்கு இடம் கொடுக்கிறது: ரீசெட் என்று தட்டினால் நிலையை எழுதிவிட்டுத் தன்னையே மறுபடி துவக்கிக்கொள்ளும். முடிந்ததும் கோப்பைத் தூக்கி எறியுங்கள்.

வயதான பெட்டி வேண்டுமா? அதை டெஸ்டின் முதல் வரிகளிலேயே செய்யுங்கள். இடம் உருவாக்கு, எண் 7 பதி, பழைய கட்டளையை எழுது, சேமி. சமையல் குறிப்பு மாதிரி. பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கிறவனுக்குத் தெரியும். முந்தாநாள் குழம்பை எடுத்து வைத்தால் தெரியாது. பழைய பதிப்பு பூட்லோடரால் மட்டும் உருவாக்க முடிகிற நிலை என்றால் மட்டும் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் எந்தப் பதிப்பு எழுதியது, எந்தத் தேதி, எதற்காக என்று பெயரிலேயே இருக்கட்டும். படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள். டெஸ்ட் அதன் நகலில் ஓடட்டும். மூலக் கோப்பிலேயே மைனஸ் டபிள்யூ கொடுத்து ஓட்டுகிறவனை என் லேப்பில் உள்ளே விட மாட்டேன்.

இன்னொரு சின்னச் சனியன், மைனஸ் என். நிலைக் கோப்பு இல்லாவிட்டால் சாதாரணமாக சாண்ட்பாக்ஸ் பிழை சொல்லி நின்றுவிடும். மைனஸ் என் கொடுத்தால் 'இல்லையா, பரவாயில்லை' என்று காலியாகத் துவங்கும். முதல் தடவை கோப்பே இல்லாதபோது வசதி என்று எல்லோரும் போடுவார்கள், பிறகு எடுக்க மாட்டார்கள். ஒருநாள் கோப்பின் பெயரில் ஓர் எழுத்து தப்பாக விழும். ஐந்து வயதுப் பெட்டியைச் சோதிக்கிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது பச்சைக் குழந்தையைச் சோதித்துக்கொண்டிருக்கும். முடிவில் மைனஸ் டபிள்யூ வேறு அந்தத் தப்புப் பெயரிலேயே ஒரு கோப்பை எழுதிவைத்துவிடும். மறுநாள் பார்த்தால் கோப்பு இருக்கிறது, எல்லாம் சரி. தப்பு தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக்கொள்ளும். என் மாணவனின் ஸ்கிரிப்டிலும் மைனஸ் என் இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரே கோப்பை இரண்டு டெஸ்டுகள் ஒரே சமயத்தில் எழுதினால் கடைசியில் முடிந்தவன் எழுதியதுதான் நிற்கும். ஒரே நோட்டில் இரண்டு பேர் எழுதுவது போல. இதை விளக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம்; ஆளுக்கொரு தற்காலிகக் கோப்பு, முடிந்தது.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. சேமித்த நிலை ரொம்ப மரியாதையானது. நிரல் ஒழுங்காக முடியும்போதுதான் மைனஸ் டபிள்யூ எழுதும். நடுவில் கொன்றுவிட்டால் பழைய கோப்பு பழையபடியே இருக்கும். ஒன்று முழுக்கப் பழையது, இல்லையென்றால் முழுக்கப் புதியது. நிஜ ஃபிளாஷ் அப்படியா? சேவ்-என்வ் ஓடும் நடுவில் கரண்ட் போனால் அழித்தது அழித்தபடி, எழுதியது பாதி எழுதியபடி நிற்கும். நம் ஊர்க் கரண்ட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். இதற்காகத்தான் யூ-பூட் என்விரான்மென்டோடு சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணையும் வைக்கிறது. பொருந்தாவிட்டால் சிஆர்சி சரியில்லை என்று ஒரு வரி எச்சரித்துவிட்டு, உள்ளே எழுதியிருக்கும் சீட்டுக்குத் திரும்பிவிடும். இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஒன்று கெட்டால் மற்றது.

இந்தப் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று பாவனை உலகம் தானாகச் சொல்லாது. நீங்கள்தான் கெடுக்க வேண்டும். என்விரான்மென்ட் இருக்கும் டிஸ்க் நகலில் நடுவே ஒரு பைட்டை மாற்றுங்கள். பாதியை எஃப்எஃப் ஆக்குங்கள். இரண்டு பிரதியையும் கெடுங்கள். அப்புறம் துவக்கிப் பாருங்கள். காலியான பெட்டியையும் வயதான பெட்டியையும் சோதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காயம்பட்ட பெட்டியைச் சோதிக்கிறவர்கள் மிகக் குறைவு.

கியூஎமு பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சேவ்-விஎம் கொடுத்தால் பிராசஸர், மெமரி, கருவிகள் எல்லாவற்றையும் அந்த நொடியில் இருந்தபடி உறைய வைக்கலாம். லோட்-விஎம் கொடுத்தால் அதே நொடிக்குத் திரும்பலாம். துவங்க நேரமாகிறதே என்று பூட்லோடர் எழுந்து நிற்கும் இடத்தில் உறைய வைத்து, எல்லா டெஸ்டையும் அங்கிருந்து ஓட்டுகிறார்கள். அப்ளிகேஷன் சோதிக்க நல்ல வழி. பூட்லோடரைச் சோதிக்க இப்படிச் செய்தால், எழுந்து உட்கார்ந்தவனிடம் போய் எப்படி எழுந்தாய் என்று கேட்பது போல. எழுவதுதானே அதன் வேலை! மைனஸ் ஸ்னாப்ஷாட் என்று இன்னொன்று இருக்கிறது. டிஸ்க்கில் எழுதுவதையெல்லாம் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மூடும்போது விட்டுவிடும், அது நல்லது. யூஇஎஃப்ஐ பக்கம் போகிறவர்கள் ஓவிஎம்எஃப்-இன் வார்ஸ் கோப்பை ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாக நகலெடுத்துக் கொடுங்கள். ஒரே கோப்பை எல்லோருக்கும் கொடுத்தால் ஒருத்தர் மாற்றிய துவக்க வரிசை அடுத்தவர் தலையில் விழும்.

என் மாணவனின் ஸ்கிரிப்டை இரண்டு ஞாயிறு உட்கார்ந்து திருத்தினோம். அந்தப் பெண்ணும் வீடியோவில் வந்தாள். காலியான நிலையில் முதல் டெஸ்டை அவளையே எழுதச் சொன்னேன். ஓட்டியதும் சிவப்பு வந்தது. போர்டில் வந்த அதே பிழை. அவள் சந்தோஷப்பட்டதைப் பார்த்து என் மருமகள், "என்ன மாமா, ஃபெயில் ஆனதுக்கா இவ்வளவு குஷி?" என்று கேட்டாள். வரிசையை மாற்றி எழுத அவளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேலிடத்துக்குப் போன அறிக்கையில் அவள் பெயர் இல்லை, நிலைக் கோப்பின் பெயர் இருக்கிறது என்று என் மாணவன் சொன்னான். அதற்காகத்தான் இரண்டு ஞாயிறு செலவழித்தேன்.

ஒரு விஷயத்தில் இன்னும் சண்டை தீரவில்லை. இரவு இரவாக அழிக்காமல் ஞாபகத்தைச் சுமந்து ஓடும் டெஸ்ட் ஒன்றாவது வேண்டும், யாரும் யோசிக்காத கோளாறை அதுதான் காட்டும் என்கிறான். வைத்துக்கொள், ஆனால் அதன் பச்சையை நம்பி ஒரு போர்டையும் வெளியே அனுப்பாதே என்கிறேன். "அப்ப எதுக்கு சார் அது?" என்கிறான். சிவப்பு வந்தால் பார்ப்பதற்கு. எம்பெடட் வேலையில் இருக்கிற மற்ற பிள்ளைகள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இப்போது மதிப்பெண் என் கையில் இல்லை.

அந்த 4100 பையன் இதைப் படித்துக்கொண்டிருந்தால், பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே. மதிப்பெண்ணைத் திரும்பவும் கேட்க மாட்டேன். கமெண்டில் ஒரு கை மட்டும் தூக்கு.